அசரியாவின் தட்டு

தபீதாள் டீச்சருக்கு வாய் நீளம் என்று கிழக்குத் தாம்பரத்தில் எல்லோருக்கும் தெரியும். எடை குறைத்த ரேஷன் கடைக்காரனைத் தராசோடு தெருவுக்கு இழுத்து வந்தவள். சர்ச் கமிட்டியில் பாதிரி ஐயர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்று கணக்குக் கேட்டவள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

பள்ளிக்கூடத்தில் எந்தப் பெண் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் தபீதாளிடம்தான் கொண்டுவந்து விடுவார்கள். அவள் அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்ப்பாள். தாவணியோ துண்டோ ஒன்றை இடுப்பில் சுற்றிவிட்டு, ஆயாவோடு வீட்டுக்கு அனுப்புவாள். "என்னா டீச்சர் இது?" என்று அது அழுதுகொண்டே கேட்டால், "உங்கம்மாகிட்டப் போய்க் கேளு" என்பாள். எத்தனையோ வருஷமாக அதே பதில்தான். ஊருக்கு உபதேசம்கூட அவளிடம் அவ்வளவுதான் இருந்தது.

அவள் மகள் ஹில்டா அதே பள்ளிக்கூடத்தில் ஆறாவது படித்தாள். டீச்சர் மகள் என்பதால் மற்றப் பெண்கள் அவள் காதுபட எதையும் குசுகுசுக்க மாட்டார்கள். கோள் சொல்லிவிடுவாள் என்ற பயம். அதனால் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளைக்கு, கடைசி பெஞ்சுக்குத் தெரிந்தது தெரியவில்லை. மகளிடம் தானே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும் என்று தபீதாள் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். தலை பின்னும்போது ஆரம்பிப்பாள். "ஹில்டா, உனக்கு இப்ப வயசு..." என்பாள். அப்புறம் "ரிப்பன் எங்கே?" என்று முடித்துவிடுவாள்.

வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாள். தபீதாளின் கணவர் சத்தியநாதனுக்கு அக்கா, ஞானஜோதி. புருஷன் அசரியாவுக்குக் காசநோய் கண்டபோது தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அசரியாவைப் பின்கட்டு அறையில் தனியாகப் படுக்கவைத்தார்கள். தனிப் பாய், தனி டம்ளர், நீல விளிம்பு போட்ட தனிப் பீங்கான் தட்டு. அந்தத் தட்டில் சோறு போட்டு வாசற்படிவரை தள்ளிவிட்டு வருவது அப்போது சின்னப் பெண்ணாக இருந்த ஹில்டாவின் வேலை. தபீதாள் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. ஒருநாள் அவர் துப்பியது சிவப்பாக இருந்தது. அவரைச் சானடோரியம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அவர் திரும்பி வரவில்லை. ஞானஜோதி மட்டும் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாள். அன்றிலிருந்து தம்பி பெண்டாட்டியும் நாத்தனாரும் எலியும் பூனையும்தான். எது எலி, எது பூனை என்பது நாளுக்கு நாள் மாறும்.

அறுபத்தாறாம் வருஷம், ஒரு சனிக்கிழமை. தபீதாள் ஆசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டு மத்தியானம் வீடு திரும்பினால், ஹில்டா பின்கட்டு அறையில் பாயில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு டம்ளர், ஒரு தட்டு. தட்டில் போட்ட சோறு போட்டபடியே இருந்தது.

"என்ன அண்ணி இது?"

"உன் மக பெரிய மனுஷி ஆயிட்டா" என்றாள் ஞானஜோதி, ஏதோ தானே முன்னால் நின்று நடத்திவைத்தது போல. "அழுதுகினே வந்து நின்னா. துணி குடுத்து உக்கார வெச்சேன். எதையும் தொடாதே, உங்கம்மா வந்து சொல்லுவான்னு சொல்லியிருக்கேன். சுந்தர்சிங்குக்கு ஆள் அனுப்பிட்டேன். தாய்மாமன் வந்துதானே ஆகணும்?"

தபீதாளுக்கு உச்சியில் ஏறியது. "யாரைக் கேட்டு ஆள் அனுப்பினீங்க? நாம என்ன வேதம்? தீட்டு, தனிப் பாய்னு இதெல்லாம் எங்கே எழுதியிருக்கு?"

"எங்கப்பா உபதேசியாரு. அவரு வூட்லயே எனக்கு நலுங்கு வெச்சாங்க. உனக்கு அவரைவிட வேதம் தெரியுமோ?"

"என் பொண்ணை ஊரே பார்க்க மணையில உக்கார வெக்க நான் விடமாட்டேன்."

"எங்க வம்சத்துப் பொண்ணு. அஞ்சு பேருக்குச் சொல்லாம மூடி வெக்க இதென்ன திருட்டுப் பொருளா?"

பொழுது சாயும்வரை இதே கச்சேரி. ரயில்வேயில் புக்கிங் கிளார்க்கான சத்தியநாதன் வாசலில் செருப்பைக் கழற்றினார், உள்ளே கேட்ட குரல்களைக் கேட்டார், செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடியும் ஸ்டேஷனுக்கே போய்விட்டார். நடுவில் ஹில்டா கதவோரமாக வந்து, "அம்மா" என்று கூப்பிட்டாள். "இரு, உங்கத்தைக்கு ஒரு பதில் சொல்லிட்டு வரேன்" என்றாள் தபீதாள். பதில் சொல்லித் தீரவில்லை. தொண்டை கட்டியதுதான் மிச்சம். மகள் தூங்கிவிட்டாளா என்று பார்க்கப் போனவள், கண்ணை மூடியிருந்ததைக் கண்டு நிம்மதியாகத் திரும்பி வந்தாள். தூங்குகிற பிள்ளையிடம் பேச வேண்டியதில்லையே.

மறுநாள் காலை ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். ஹில்டா சர்ச்சுக்கு வர வேண்டாம். தீட்டு என்பதால் ஞானஜோதிக்கு வேண்டாம். நாலு பேர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் தபீதாளுக்கு வேண்டாம். பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு, வழி நெடுகச் சண்டை போட்டுக்கொண்டே போய், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டு வந்தார்கள்.

வந்து பார்த்தால் பின்கட்டு அறை காலி. பாய் இல்லை. தட்டும் டம்ளரும் இல்லை.

"பாத்தியா? இதுக்குத்தான் பொண்ணைக் கண்ணுல வெச்சுப் பாத்துக்கணும்னு சொன்னேன். எவன் பின்னாடி..." என்று ஆரம்பித்தாள் ஞானஜோதி.

"வாயை மூடுங்க!" என்று கத்திக்கொண்டு தபீதாள் தெருவுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு சபீஹா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சர், இம்மாம் பேஜார்? உங்க பொண்ணு பாயைச் சுருட்டிக்கினு தண்டவாளத்தோரமா சானடோரியம் பக்கம் போச்சே. எங்கேம்மா போறேன்னு கேட்டா, 'தள்ளிப் போங்கக்கா'ன்னுச்சு."

அடுத்த ஸ்டேஷன்தான் சானடோரியம். செருப்பு அறுந்ததைக்கூடக் கவனிக்காமல் தபீதாள் நடந்தாள், ஓடினாள். இவ்வளவு பேசியவள் அந்த ஒன்றைப் பேசவில்லையே என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே மரத்தடியில் பாய் விரித்து ஹில்டா உட்கார்ந்திருந்தாள். எதிரே தட்டு.

"உங்க பொண்ணா?" என்றான் காவல்காரன். "அட்மிஷன் ஓணும்னு ஒக்காந்துகினு கீது. இன்னைக்கு ஞாயித்துக்கெழமைம்மான்னு சொன்னா கேக்க மாட்டேங்குது."

தபீதாள் மகளை நோக்கிப் பாய்ந்தாள். ஹில்டா கையை நீட்டித் தடுத்தாள்.

"கிட்ட வராதே. ஒட்டிக்கும்."

"என்னடி ஒட்டிக்கும்?"

"டி.பி. எனக்கு ரத்தம் வருது. அத்தை அந்த ரூம்ல, மாமா தட்டுல சோறு போட்டாங்க. மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. யாரை வரச் சொல்றது, யாருக்குச் சொல்றதுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசினதைக் கேட்டேன்."

தபீதாள் அப்போதுதான் அந்தத் தட்டைப் பார்த்தாள். நீல விளிம்பு. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். டீச்சர் குரல் வரவில்லை. வந்ததெல்லாம் அரைகுறையாகத்தான் வந்தது. வியாதி இல்லை, எல்லாப் பொண்ணுக்கும் வரும், மாசாமாசம் வரும், பிள்ளை பெற உடம்பு தயாராகிறது, எனக்கும் உன் வயசில் வந்தது. சொல்லி முடிக்க ஒரு ரயில் கடந்துபோகும் நேரம்கூட ஆகவில்லை.

ஹில்டா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் கண்ணு."

"ராத்திரி பூரா நான் செத்துப்போவேன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். நீ வந்து எட்டிப் பாத்துட்டுப் போனே." ஹில்டா அழவில்லை. "எல்லாப் பொண்ணுங்களையும் அம்மாகிட்டப் போய்க் கேளுன்னு அனுப்புவியே. நான் யார்கிட்டப் போறது?"

வீடுவரை மகள் நாலடி முன்னால் நடந்தாள். பாயைத் தூக்கிக்கொள்கிறேன் என்றதற்கும் கொடுக்கவில்லை.

வீட்டில் ஞானஜோதி விஷயம் கேட்டதும் ஒரு நிமிஷம் வெளிறினாள். அப்புறம் சமாளித்துக்கொண்டாள். "தனித் தட்டுன்னு தேடினேன், அது கைக்கு வந்துச்சு. நல்லா சுடுதண்ணி ஊத்திக் கழுவித்தானே வெச்சேன்?"

"கழுவினீங்களா? செத்த மனுஷன் தட்டுல என் பிள்ளைக்குச் சோறு போட உங்களுக்கு எப்படி மனசு வந்துது?"

"செத்த மனுஷனா? அவரு என் புருஷன்! அந்த வாசப்படியை ஒரு நாளாவது மிதிச்சியாடி நீ?"

மறுபடியும் ஆரம்பமாகிவிட்டது. ஹில்டா தட்டை அத்தையின் காலடியில் வைத்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் போனதைச் சண்டையில் இருந்த இருவரும் கவனிக்கவில்லை.

தாய்மாமனைப் பாதி வழியிலேயே தபீதாள் திருப்பி அனுப்பினாள். சடங்கு நடக்கவில்லை, ஜெயித்தாள். அடுத்த மாதம் வருவதற்குள் மகளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒழுங்காக யோசித்துவைத்தாள். பழைய வேட்டியைக் கிழித்து, துவைத்து, மடித்துப் பெட்டியில் வைத்துக் காத்திருந்தாள். ஹில்டா வரவில்லை.

ஒருநாள் சபீஹா வீட்டுக் கொல்லைக் கொடியில் தன் மகளின் பழைய பாவாடைத் துணி கிழிசல்களாகக் காய்வதைத் தபீதாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். ஹில்டா அங்கேதான் போயிருந்தாள்.