கடவுச்சீட்டில் இரண்டு வயது கூட

கல்யாணம் முடிந்த ஐந்தாம் கிழமை என் கணவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கிளிநொச்சியில் உழவு இயந்திரங்கள் திருத்தும் பட்டறை ஒன்றில் வேலை செய்தவர். இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்ய அனுமதி கிடைத்திருந்தது. "ஆறு மாசத்தில உம்மைக் கூப்பிடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே ஆறாம் மாதம் கடிதம் வந்தது. மனைவியைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பத்தை அங்கே நிரப்பிக் கொடுத்துவிட்டாராம். இனி நான் கொழும்புக்குப் போய்த் தூதரகத்தில் நேரே கதைக்க வேண்டுமாம். எங்கள் பக்கத்து ஆட்கள் அந்த இடத்தைக் 'கொமிசன்' என்றுதான் சொல்வார்கள். அறுபதுகளின் நடுப்பகுதி அது.

நாங்கள் கண்டாவளையில் இருந்தோம். அப்புவுக்கு, என் தகப்பனாருக்கு, வயல்தான் எல்லாம். கடதாசி வேலை என்றால் அவருக்கு வியர்க்கும். ஆனாலும் என்னுடைய கடவுச்சீட்டுக்கு ஓடித் திரிந்தவர் அவர்தான். படிவத்தில் நான் கையெழுத்து மட்டும் வைத்தேன். கடவுச்சீட்டு வந்ததும் பிறந்த திகதியைப் பார்த்து, "அப்பு, இதில இரண்டு வயசு கூடக் கிடக்கு" என்றேன்.

"பள்ளிக்கூடத்தில சேர்க்கேக்கை கூட்டிப் போட்டது பிள்ளை. எல்லாரும் செய்யிறதுதானே."

அந்தக் காலத்தில் அது உண்மையும்தான். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

பரந்தனில் பகல் ரயில் ஏறி, வெள்ளவத்தையில் அப்புவுக்குத் தெரிந்த ஒருவரின் வீட்டில் தங்கினோம். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குத் தூதரக வாசலில் நின்றோம். காவலாளி என்னை மட்டும் உள்ளே விட்டான். வெளி விறாந்தையில் இருப்பதற்கு ஒரு வாங்கு போட்டிருந்தது. அப்பு மடியில் பையை வைத்துக்கொண்டு அதில் இருந்தார்.

உள்ளே ஒரு மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர், நாற்பது வயது இருக்கும். பக்கத்துக் கதிரையில் மொழிபெயர்க்க ஒரு தமிழர், கழுத்துப்பட்டி கட்டியவர். வெள்ளைக்காரர் சத்தம் போடவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. அதுதான் எனக்குக் கூடுதலான பயமாக இருந்தது. ஊரில் கோபம் வந்தால் கோபத்தைக் காட்டுவார்கள். இவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முதலில் சுகமாகத்தான் போனது. கல்யாணம் எங்கே நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், கணவருக்கு எத்தனை சகோதரர்கள். சொன்னேன். பிறகு அவர் மூன்று கடதாசிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். என் கடவுச்சீட்டு, விவாகப் பதிவு, கணவர் அங்கே நிரப்பிய விண்ணப்பம்.

"விவாகப் பதிவில் மணமகளுக்கு வயது பத்தொன்பது" என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். "உங்கள் கணவரும் பத்தொன்பது என்றுதான் எழுதியிருக்கிறார். இந்தக் கடவுச்சீட்டின்படி அன்றைக்கு உங்களுக்கு இருபத்தொன்று முடிந்திருக்கிறது. எது சரி?"

"பத்தொன்பதுதான் சரி. சாதகத்தில அப்பிடித்தான் கிடக்கு. பள்ளிக்கூடத்தில வயசு கூட்டிப் போட்டது."

கடவுச்சீட்டோடு நாங்கள் கொடுத்திருந்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை வெள்ளைக்காரர் என் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு விரலால் ஓர் இடத்தைத் தட்டினார். பிள்ளை பிறந்து மூன்றாம் கிழமை பதியப்பட்டதாக அதில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்காக வயதைக் கூட்டியிருந்தால், நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னதாகவே எப்படிப் பதிவு நடந்தது?

அந்தத் திகதியையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

"உங்களுக்கு அக்கா யாராவது இருக்கிறாரா?"

"இருந்தவா. நான் பிறக்க முந்தியே செத்துப் போனா. குழந்தைப் பிள்ளை."

"அவருடைய பெயர்?"

வீட்டில் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச்சே இல்லை. எப்போதாவது வாய் தவறினால் 'மூத்தது' என்று ஒரு சொல், அவ்வளவுதான். பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. "தெரியாது" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அதைச் சொன்னார். வெள்ளைக்காரர் பேனையை வைத்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கியது. உயிரோடு ஓர் அக்கா இருக்கிறாள், அவளுடைய கடவுச்சீட்டில் நான் வந்திருக்கிறேன், அல்லது கல்யாணம் செய்தவள் அவள், போகப் பார்ப்பவள் நான்.

"உங்கள் தகப்பனார் வெளியே இருக்கிறார் அல்லவா? அவரிடம் கேட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வாருங்கள்" என்றார் மொழிபெயர்ப்பாளர். பிறகு, வெள்ளைக்காரர் சொல்லாததையும் தானாகச் சேர்த்துச் சொன்னார்: "யோசித்துச் சொல்லுங்கள், தங்கச்சி. எழுதினால் எழுதினதுதான்."

நான் வெளியே வந்த முகத்தைப் பார்த்தே அப்பு எழும்பிவிட்டார்.

"அப்பு, அந்தப் பிறப்புத் துண்டு ஆரின்ர?"

அவர் வாசல் காவலாளியைப் பார்த்தார். திரும்பவும் கேட்டேன்.

"மூத்தவளின்ரதான்" என்றார். "நீ பிறக்கேக்கை ஊர் முழுக்க வெள்ளம். பதிய ஒருத்தரும் போகேல்லை. பிறகு மறந்து போச்சு. பள்ளிக்கூடத்தில துண்டு கேட்டினம். பெட்டியுக்கை அவளின்ர துண்டு கிடந்தது. பேரும் ஒண்டுதானே. குடுத்திட்டன்."

"பேரும் ஒண்டோ?"

"கொம்மா அந்தப் பேர்தான் வைக்கவேணுமெண்டு நிண்டவா."

பத்தொன்பது வருடமாக என்னைக் கூப்பிட்ட பெயர் முதலில் வேறொரு பிள்ளைக்கு இருந்தது என்று ஒரு தூதரக விறாந்தையில்தான் அறிந்தேன். அதை நினைத்துப் பார்க்கவும் நேரம் இல்லை.

"நான் போய் உள்ளதைச் சொல்லப் போறன்."

அப்பு என் கையைப் பிடித்தார். "சொல்லாதை பிள்ளை. கள்ளத் துண்டில பாஸ்போட் எடுத்ததெண்டு என்னைப் பிடிச்சு உள்ளுக்குப் போடுவாங்கள். விவாகப் பதிவுதான் பிழையெண்டு சொல்லு. நான்தான் பதிவுகாரருக்கு வாய் தவறி உன்ர சரியான வயசைச் சொன்னனான்."

அப்படிச் சொன்னால் ஒருவேளை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் சாதகத்தைப் பார்த்துப் பத்தொன்பது என்று எழுதிய என் மனுசன் இங்கிலாந்தில் இருக்கிறார். அவர் பொய்யராகிவிடுவார். உள்ளதைச் சொன்னால் அப்பு குற்றவாளி. பன்னிரண்டு மணி வரைக்கும் அந்த வாங்கில் இரண்டு பேரும் இருந்தோம். எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒரு ஆள் மாட்டிக்கொண்டு நின்றார்.

உள்ளே போனதும் முதலில் ஒரு கேள்வி கேட்டேன். "நான் சொல்லுறதாலை என்ர அப்புவுக்கு ஏதும் வருமோ?"

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னார். வெள்ளைக்காரர் பதில் சொன்னார். அது இலங்கை அரசாங்கத்தின் விஷயம், தன்னால் எந்த உறுதியும் தர முடியாது.

அவர் பொய்யான ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, எனக்கு வாய் திறந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில், இந்தக் கடவுச்சீட்டுக்குத் தன்னால் அனுமதி தர முடியாது என்றும், என் பிறப்பைப் புதிதாகப் பதிந்து கடவுச்சீட்டையும் திருத்திக்கொண்டு வந்தால் திரும்பப் பார்ப்பதாகவும், மூன்று மாதம் என் விண்ணப்பக் கோவையை மூடாமல் வைத்திருப்பதாகவும் சொன்னார்.

ரயிலில் அப்பு என்னோடு கதைக்கவில்லை. கோபம் இல்லை, பயம்.

ஊரில் அதைவிடப் பெரிய கரைச்சல் காத்திருந்தது. நடந்ததைச் சொன்ன என் கடிதத்துக்குக் கணவர் எழுதிய பதில் நாலே வரி. 'உமது சரியான வயது என்ன என்பதை எனக்காவது எழுதவும்' என்று அதில் ஒரு வரி. அந்தக் கதை கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டத்தில் இருந்த என் மாமியின், கணவருடைய தாயின், காதுக்கும் போய்விட்டது. ஒரு காலை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்.

"பெட்டைக்கு வயசைக் குறைச்சுச் சொல்லி எங்கட தலையில கட்டிப்போட்டியளோ?" என்று முற்றத்திலேயே நின்று கேட்டார்.

அப்பு வாயைத் திறக்க முன்னம் அம்மா குசினிக்குள்ளிருந்து வந்தார். கையில் மா ஒட்டியிருந்தது.

"மச்சாள், எனக்கு மூத்ததொண்டு இருந்தது" என்றார். "பதினொரு மாசம். கீழ இரண்டு பல்லு வந்திட்டுது. பிடிச்சுப் பிடிச்சு நிக்கும். மாரியில எல்லாருக்கும் காய்ச்சல். இவருக்கும் காய்ச்சல், எனக்கும் காய்ச்சல். தண்ணி எடுத்துத் தரவும் ஆளில்லை. விடிய எழும்பிப் பார்த்தன், உடம்பு குளிர்ந்து கிடந்தது."

அம்மா அழவில்லை. யாரோ வழி கேட்டதற்குச் சொல்வதுபோலச் சொன்னார். நான் கதவடியில் நின்றேன். அன்றைக்குத்தான் நானும் முதல் தரம் கேட்கிறேன்.

மாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து இருந்தார். தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளையின்ர பிறப்பைப் பதியச் சத்தியக்கடதாசி முடிக்க எப்ப போறியள்? நானும் வாறன். மகனுக்கு நானே எழுதுறன்."

சத்தியக்கடதாசி எழுதும் சமாதான நீதவான் பரந்தனில் இருந்தார், இளைப்பாறிய தலைமை ஆசிரியர். அம்மாவை எதிரே இருத்தி ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"இறப்பைப் பதிஞ்சனீங்களோ, அம்மா?"

"இல்லை ஐயா. ஆர் போறது?"

"பிள்ளையின்ர பேர்?"

அம்மா என் பெயரைச் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நீதவான் எழுதுவதை நிறுத்தி, "இவவின்ர பேரைக் கேக்கேல்லை, இறந்த பிள்ளையின்ரதைக் கேட்டனான்" என்றார். அம்மா திரும்பவும் அதே பெயரைச் சொன்னார். கையெழுத்து வைக்கும்போது கடைசி எழுத்து கோணிப் போனது. மாமி அம்மாவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அரச அலுவலகமான கச்சேரிக்கும் பதிவாளரிடமும் ஊர் விதானையாரிடமும் அலைச்சல். ஒரு கடதாசி வந்தால் இன்னொன்று வராது. மூன்று மாதத்தில் இரண்டரை மாதம் போய்விட்டது. கடவுச்சீட்டுக் கந்தோரில் அப்புவை அரை மணித்தியாலம் நிற்க வைத்து ஏசினார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று நின்றார். ஆனால் ஒருவரும் அவரைப் பிடிக்கவில்லை. பழையதை வாங்கிக்கொண்டு, கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது புதியதைத் தந்தார்கள்.

இரண்டாம் முறை தூதரகத்தில் அதே மேசை, அதே இரண்டு பேர். புதிய பதிவையும் அம்மாவின் சத்தியக்கடதாசியையும் வெள்ளைக்காரர் ஆறுதலாக வாசித்தார். கடைசியாக ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்கள் அக்காவின் பெயர் என்ன?"

"என்ர பேர்தான், ஐயா."

அவர் தலையை ஆட்டினார். கடவுச்சீட்டில் முத்திரை விழுந்தது.

வெளியே ஓடிவந்து அப்புவிடம் காட்டினேன். கடவுச்சீட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பத் தந்தார். "என்னைப் பற்றி ஏதும் கேட்டவங்களோ?"

"ஒண்டும் கேக்கேல்லை அப்பு."

பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். சோற்றுக்கு இருந்தபோது, கைதுடைக்க லேஞ்சி தேடி அவருடைய பையைத் திறந்தேன். அதற்குள் தோய்த்து மடித்த வேட்டி, ஒரு துவாய், போர்வை, பற்பொடி. அன்று பின்னேரமே ஊருக்குத் திரும்புவதாகத்தான் இருந்தோம்.

"இதெல்லாம் என்னத்துக்கு?"

"பிடிச்சாங்களெண்டால் மாத்தி உடுக்க வேணுமே" என்றார். "முதல் தரம் நீ கொமிசனுக்குள்ள போனதிலையிருந்து எங்க போனாலும் கொண்டுதான் போறனான்."

சொல்லிவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கினார். நான் வேட்டியைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தேன். அடுத்த மாதம் நான் கப்பல் ஏறினேன்.