திலகவதி அக்கா கழித்த சேவல்

வியாழக்கிழமை விடியற்காலை தொலைபேசியில் திலகவதி அக்காவின் மகள்தான் சொன்னாள்: "மாமா, அம்மா மோசம் போயிட்டா. நித்திரையிலையே உயிர் பிரிஞ்சிட்டுது. ஒரு கரைச்சலும் படேல்லை." கேட்டதும் என் வாயில் வந்தது "அப்பாடா" என்ற சொல். பிள்ளை என்ன நினைத்ததோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போய்வந்திராவிட்டால் அந்தச் செய்தி என்னை நொறுக்கியிருக்கும். அதனால் வந்த சொல் அது.

இணுவில் திலகவதி அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முட்டைகூட வாயில் வைக்காத சைவம். ஆனால் எங்கள் பக்கத்தில் பிரமாக் கோழிக்குத் தீர்ப்புச் சொல்ல அவரை விட்டால் ஆள் இல்லை. பிரமா என்பது கால்விரல் வரை இறகு மூடிய பெருஞ்சாதி. நல்ல சேவல் ஐந்து கிலோவுக்கு நிற்கும். "தின்னாத நீங்கள் ஏன் உந்தக் கோழியளைக் கட்டி மாரடிக்கிறியள்?" என்று ஒருவர் கேட்டதற்கு, "தின்னிறவைக்குச் சட்டிதான் தெரியும், வடிவு தெரியுமோ?" என்றார்.

கண்காட்சியில் மற்ற நடுவர்கள் கொண்டையையும் நிறத்தையும் முதலில் பார்ப்பார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாதத்திலிருந்து மேலே தடவிக்கொண்டு போவார். "கண்ணாலை பாத்தால் நான் மயங்கிப்போவன் தம்பி. அதுதான் முதல் கையாலை பாக்கிறது" என்பார். தர விதிகள் அச்சிட்ட புத்தகம் ஒன்று கையோடு இருக்கும். அதில் உள்ளதற்கு மேலாக ஒரு சொல்லும் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார்.

அந்தக் கையில்தான் நான் அகப்பட்டேன். மூன்று வருடத்துக்கு முன் உடுவிலில் ஒரு கண்காட்சி. கொழும்புத்துறையிலிருந்து ஓட்டோவில் என் சேவலை மடியில் வைத்துக் கொண்டுபோனேன். மார்பும் நடையும் ராசா மாதிரி. ஒரேயொரு குறை, கால் மடிப்பில் பின்னுக்கு நீட்டிக்கொண்டு நிற்கும் விறைத்த இறகுகள். பிரமாவுக்கு அது இருந்தால் பரிசு கிடையாது, நேரே வெளியேற்றம்தான். அன்று காலை அவற்றைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தேங்காயெண்ணெய் பூசி மறைத்திருந்தேன்.

அக்காவின் விரல் அந்த இடத்தில் நின்றது. கண்ணைத் திறந்தார்.

"தம்பி, இறகு இருந்த துவாரம் தெரியுது. பிடுங்கினீரோ?"

"இல்லை அக்கா, தானாய் விழுந்தது."

"ரெண்டு காலிலையும் ஒரே நாளிலையோ?"

மண்டபமே சிரித்தது. அட்டையில் "கழிக்கப்பட்டது" என்று எழுதி ஒப்பமிட்டு என் கையில் தந்துவிட்டு அடுத்த கூட்டுக்குப் போய்விட்டார். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. "உந்த மனிசியின்ரை முகத்திலை இனி முழிக்கமாட்டன்" என்று வாசலில் நின்று கத்தினேன். அதோடு விட்டேனா? தன் ஊர்க்காரருக்குத்தான் பரிசு கொடுக்கிறா என்று போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது முழுப்பொய். இப்போது எழுதவும் கை கூசுகிறது.

யாரோ இதை அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். "நான் அவரின்ரை சேவலைத்தான் கழிச்சனான், அவரையில்லை" என்றாராம். அதைக் கேட்டபிறகும் எனக்கு வீம்பு. எதிரே கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவேன்.

போன மாதம் அவருக்கு இருதயம் பலவீனமாகி, படுக்கையில் விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். போகவும் மனமில்லை, இருக்கவும் முடியவில்லை. சோறு இறங்கவில்லை. என் மனைவிதான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "செத்தவீட்டிலை போய் நிண்டு குழறுறதை விட்டிட்டு, உயிரோடை இருக்கேக்கை போய்க் கதையுங்கோவன்!"

ஞாயிற்றுக்கிழமை போனேன். வெறுங்கையோடு போகவில்லை. அந்தச் சேவலின் மகன் இப்போது என்னிடம் வளர்கிறது. தகப்பனைப் போலவே எல்லாம், அந்த விறைத்த இறகு உட்பட. ஒன்றையும் பிடுங்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு போனேன்.

கட்டிலில் சாய்ந்திருந்தார். கை குச்சியாய் மெலிந்திருந்தது. "ஆர், கொழும்புத்துறையாரோ? கொண்டாரும், கொண்டாரும்" என்றார், நேற்றுத்தான் கதைத்துப் பிரிந்தது போல. சேவலைக் கட்டிலில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடி, பாதத்திலிருந்து தடவத் தொடங்கினார். கால் மடிப்பில் விரல் நின்றது. இறகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கு" என்றார்.

"ஓம் அக்கா. அண்டைக்கு நான்தான் பிடுங்கினனான். உங்களைப் பற்றிக் கண்டபடி கதைச்சும் திரிஞ்சனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, மகளைக் கூப்பிட்டு அட்டையும் பேனையும் எடுத்துவரச் சொன்னார். "கழிக்கப்பட்டது" என்று எழுதி ஒப்பமிட்டு என்னிடம் நீட்டினார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் மூச்சு வாங்கச் சிரித்தார். மகள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"மற்றும்படி நல்ல சேவல் தம்பி. விறைச்ச இறகில்லாத, கால் சுத்தமான பேட்டுக்கோழி ரெண்டு பின்கூட்டிலை நிக்குது, கொண்டுபோய் இதோடை சேரும். அடுத்த தலைமுறையிலை அந்த இறகு குறையும்" என்றார். சாயந்தரம் பேடுகள் இரண்டையும் சாக்கில் போட்டுக்கொண்டு வீடு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

செத்தவீட்டில் பெட்டியருகே நின்று நெடுநேரம் பார்த்தேன். பட்டுச்சேலை, நெற்றி நிறையத் திருநீறு, நல்ல நித்திரை போல முகம். எல்லாரும் ஏதோ சொல்லி அழுதார்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. அந்த நிம்மதியைத் தந்தவருக்குக் கைகூப்பினேன்.

போயிட்டு வாங்கோ அக்கா. இனி நான் பிடுங்கமாட்டன்.