பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

ஜெபக் குறிப்பு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மாலை சபையார் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். பாட்டுப் பாடி முடித்ததும், யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்வோம். மாமியாருக்கு மூட்டுவலி, மகனுக்கு வேலையில்லை, மாடிவீட்டுக்காரர் தண்ணீர் விடமாட்டேன் என்கிறார். பிறகு எல்லோரும் முழங்காலிட்டு ஜெபிப்போம். எண்பதுகளின் கடைசியில், ஆவடி குவார்ட்டர்ஸில், சரியாக அந்த நேரத்தில்தான் டி.வி.யில் சினிமாப் பாட்டுப் போடுவார்கள். பக்கத்து வீட்டுச் சத்தம் சுவரைத் தாண்டி வரும். அதைக் காதில் வாங்காமல் உட்கார்ந்திருப்பதே பெரிய ஆவிக்குரிய வெற்றி என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில், குறிப்பு சொல்லும் அந்த அரைமணி நேரம் எந்த டி.வி.க்கும் குறைந்ததில்லை.

என் கணவருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பரம்பரைக் கிறிஸ்தவர்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. சபையில் பெண்களுக்கு வேதபாடம் நடத்தியதும் நான்தான். அந்த வருடம் நான் எடுத்த பாடமே கிருபையும் சத்தியமும். இரண்டும் ஒரே ஆளிடத்தில் சேர்ந்து இருக்க வேண்டும் என்று வாரக்கணக்கில் கிழித்தேன்.

அந்தப் பாடத்துக்கு வந்த பெண்களில் ஒருத்தி பட்டாபிராமிலிருந்து வருவாள். அவள் வீட்டுக்காரர்கள் ஒரு தலைமுறைக்கு முன்னால் அங்கே கழனி வேலை செய்தவர்கள். கணவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தான். குடும்பத்தில் அவள் ஒருத்தி மட்டும்தான் சபைக்கு வந்தாள். ஏதோ பாட்டுப் பாடப் போகிறாள் என்று மாமியார் விட்டுவைத்திருந்தார். ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்திருந்ததை மட்டும் அவள் வீட்டில் சொல்லவில்லை. “நேரம் பாத்து நானே சொல்றேன்க்கா” என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

அந்தக் கோடையில் அவளுடைய சின்னப் பெண்ணுக்கு அம்மை போட்டது. ஒரு நாள் மதியம், வேர்த்து வழிய என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“யக்கா, புள்ள அனலா கொதிச்சுது. கண்ணயே தொறக்கல. அத்த கோயிலுக்குத் தூக்கினு போச்சு. நானும் பின்னாடியே ஓடினேன். ஆத்தா, எம் புள்ளய உட்டுடுன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டேன். இப்ப புள்ளைக்குத் தேவலாம். ஆனா நான் செஞ்சது தப்பாக்கா? ஞானஸ்நானம் எடுக்க எனக்குத் தகுதி கீதா?”

தப்பு என்றுதான் நான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு. “அழாதம்மா. தாய் மனசுல்லா. ஆண்டவர் இருதயத்தைப் பாக்கிறவர். தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல” என்று அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அவள் கேட்டது ஒரு பதில். அதைச் சொன்னால் அவள் முகம் வாடும், என்மேல் வருத்தப்படுவாள். அதற்குப் பயந்துகொண்டு இனிக்க இனிக்கப் பேசி அனுப்பிவைத்தேன். அவளும் நம்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பிள்ளைக்கு இன்னும் முழுசாகத் தேறவில்லை என்று அவள் வரவில்லை. என் முறை வந்ததும் நான் சொன்னேன்: “பட்டாபிராம் பக்கம் ஒரு சகோதரி. பேர் வேண்டாம். பிள்ளைக்கு அம்மை போட்டதுல பயந்து கோயிலுக்குப் போயிட்டாங்க. ஞானஸ்நானத்துக்குப் பேர் கொடுத்தவங்க. விசுவாசத்தை விட்டுப் பின்மாற்றத்துக்குள்ள போயிராம ஜெபிப்போம்.” பட்டாபிராமிலிருந்து எங்கள் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது அவள் ஒருத்திதான். எல்லோரும் ‘ச்சு’ கொட்டினார்கள். என் குரல் தழுதழுத்தது. அது நடிப்பு இல்லை. ஆனால் அது தழுதழுப்பதை நானே கேட்டு ரசித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

மறுநாளே பாஸ்டர் இரண்டு மூப்பர்களைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். நல்ல மனிதர், ஆனால் மெதுவாக ஜெபிக்கத் தெரியாது. ஞானஸ்நானத்தைத் தள்ளிவைப்போம், முதலில் விசுவாசத்தில் திடப்படட்டும் என்று அவர் ஜெபித்தது கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மாமியார் வரைக்கும் கேட்டது. இப்படி ஒரு விஷயம் நடக்க இருந்தது என்பதே அப்போதுதான் அந்தம்மாவுக்குத் தெரியும்.

சில நாள் கழித்து, கடைக்குப் போகும் சாக்கில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

“யக்கா, நீதான் சொன்னியா?”

“நான் பேரே சொல்லலையேம்மா.”

“பேர சொல்லல. எங்க ஊட்டுக்கு வழிய மட்டும் சொல்லிட்ட.”

“உன்மேல உள்ள அன்புலதான்…” என்று இழுத்தேன்.

“நல்லாத்தான் கீது உன் அன்பு. தப்பான்னு உன்னாண்டதானே கேட்டேன்? தப்புன்னு நெனச்சா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே. அழுதுட்டுப் போயிருப்பேன். என்னாண்ட இல்லன்னுட்டு, அங்க போய் ஆமான்னு சொல்லிகீற. இப்ப அத்த என்னோட பேசறதில்ல. அவரு வாசப்படிய தாண்டக் கூடாதுன்னுட்டாரு.”

மன்னித்துக்கொள் என்ற ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. வேதபாடம் நடத்துகிறவள், நேற்று வந்த இவளிடம் போய் மன்னிப்புக் கேட்பதா என்று உள்ளே ஒன்று முறைத்துக்கொண்டு நின்றது. அவள் போய்விட்டாள்.

கிருபை, சத்தியம் இரண்டையும் கொடுத்துவிட்டேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சோற்றை ஒரு வீட்டுக்கும் குழம்பை இன்னொரு வீட்டுக்கும் கொடுத்தனுப்பிய கதை. அவளுக்குச் சேர வேண்டிய சத்தியத்தை ஊருக்குக் கொடுத்தேன். ஊருக்கு முன்னால் நான் காட்டியிருக்க வேண்டிய கிருபையை, யாரும் பார்க்காத மதியத்தில் அவளிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் பசியோடு போனாள்.

அவள் வராத வெள்ளிக்கிழமைகள் நீண்டுகொண்டே போயின. தலைவலி என்று சொல்லிப் பாடம் எடுப்பதை நிறுத்தினேன். ஒரு நாள் மனம் பொறுக்காமல் ரயிலேறிப் பட்டாபிராமில் இறங்கிவிட்டேன். மாமியார் கண்ணில் பட்டால் என்ன ஆகும், அவள் கணவன் என்ன சொல்வான் என்று பிளாட்பாரத்திலேயே நின்று யோசித்து, எதிர்த் திசையில் வந்த வண்டியில் ஏறித் திரும்பிவிட்டேன். அவள் வீட்டில் இல்லை என்று கணவரிடம் சொன்னேன். குற்றத்தைக் கழுவப் போனவள் ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருடம் அவளே வந்தாள். அத்தையிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே பேசி, சண்டை போட்டு, அழுது, கடைசியில் “போய்த் தொல” என்று சம்மதம் வாங்கியிருந்தாள். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள். தண்ணீரிலிருந்து வரும் பெண்களுக்குச் சேலை மாற்ற உதவுவது மூத்த பெண்களின் வேலை. நான் வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தொட்டியில் இறங்கும் முன் சபைக்கு முன்னால் தன் கதையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சேலையில் நின்றுகொண்டு, அம்மை போட்டதையும் கோயிலுக்கு ஓடியதையும் எதையும் மறைக்காமல் சொன்னாள். “உங்களுக்கெல்லாம் தெரியும். இருந்தாலும் என் வாயால சொல்லணும்ல” என்றாள். அடுத்து என் கதைதான் என்று எனக்குத் தெரியும்.

“அன்னிக்கு ஒரு அக்காவாண்ட போய் அழுதேன். அந்த அக்கா என்னைத் திட்டல. கூட உக்காந்து அதுவும் அழுதுச்சு. அத நான் மறக்கல” என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பாஸ்டரின் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினார். எழுந்து மீதியைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. நான் “ஸ்தோத்திரம்” என்று முணுமுணுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

தகரத் தடுப்புக்குப் பின்னால் அவளுக்குச் சேலை மாற்றிவிடும்போதுதான், “என்னை மன்னிச்சிரும்மா” என்று சொல்ல வாய் வந்தது. அவள் தலையைத் துவட்டிக்கொண்டே தலையாட்டினாள். எனக்கு ஆறவில்லை. “நான் செஞ்சதை ஏம்மா அங்க சொல்லல?” என்று கேட்டேன்.

“அதத்தான் அன்னிக்கே உன்னாண்ட சொல்லிட்டேனேக்கா. அவங்களாண்ட இன்னாத்துக்கு?” என்றாள்.