பன்னிரண்டு குப்பி மீத்தேன்

மீத்தேன் என்ற சொல்லை வீட்டில் முதன்முதலாக நான் சொன்னபோது அம்மா அடுப்பில் மீ என்கிற நூடுல்ஸைப் பிரட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

“என்னாத்தப் படிக்கிறன்னு கேட்டா ஒழுங்கா ஒரு பதில் இல்ல. நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் என்னா சொல்றது?” என்றார்.

“மீத்தேன்மா. நம்ம ஓடையில இருக்கிற மீத்தேன்.”

கரண்டி நின்றது. வாணலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மீ தெரியும். தேன் தெரியும். ரெண்டும் ஓடையில என்னா பண்ணுது?”

அப்போதெல்லாம் யாராவது ஒரு கேள்வி கேட்டால் ஒரு பாடமே நடத்திவிடுவேன். எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். தாண்டியவன் நிற்காமல் ஓடிப் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு வரைக்கும் போய்விட்டிருந்தேன். ஆகவே மேசையில் உட்கார்ந்து, இலைகள் சேற்றில் மூச்சில்லாமல் அழுகும்போது கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அவற்றைத் தின்று ஒரு வாயுவை வெளியே விடுகின்றன என்று தொடங்கினேன். கார்பனில் லேசானது ஒன்று, அதைவிடக் கொஞ்சம் கனமானது ஒன்று என்று இரண்டு வகை உண்டு என்றேன். அந்த நுண்ணுயிர்கள் சோம்பேறிகள், லேசானதைத்தான் முதலில் தூக்கும் என்றேன். அதனால் அழுகல் வாயு மிக லேசாக இருக்கும், பூமிக்கு அடியில் வெந்து கசியும் வாயு அவ்வளவு லேசாக இருக்காது, அந்த வித்தியாசத்தை அளந்தால் ஓடையின் வாயு எங்கே பிறந்தது என்று தெரிந்துவிடும். இந்த இரட்டைக் கார்பனுக்கு ஐசோடோப்பு என்று பெயர்.

அம்மா கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். “ஐஸ் தோப்பா?”

“ஐசோடோப்பு.”

“சரி விடு. தேன்னே சொல்லிக்கிறேன். நாலு பேருக்கு வெளங்கும்.”

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மலாக்காவில், பெம்பானிலிருந்து உள்ளே போகும் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் அந்த ஓடை ஓடிக்கொண்டிருந்தது. ஆழமில்லை. அகலம் ஒரு கட்டில் நீளம் இருக்கும். பெரிய ஆறுகளைப் பெரிய மனிதர்கள் ஆராய்ந்துகொண்டிருக்க, சின்ன ஓடையை யாரும் தொடவில்லை என்று என் பேராசிரியர் சொன்னதும் எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் ஓடைதான்.

ஆனால் இந்தக் கார்பன் எடையை அளக்கும் எந்திரம் உள்நாட்டில் பேராசிரியருக்குத் தெரிந்த இடம் எதிலும் இல்லை. சனிக்கிழமை அவர் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கூட்டத்துக்குப் போகிறார். அங்கே அவருடைய நண்பரின் ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு குப்பிகளுக்கு மட்டும் இடம் கேட்டு வாங்கியிருந்தார். பன்னிரண்டையும் ஒரே நாளில், வெள்ளிக்கிழமை, நிரப்பிச் சனிக்கிழமை காலை அவர் கையில் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான். என் உதவித்தொகையோ அந்த வருஷத்தோடு முடிகிறது. அதாவது பன்னிரண்டு குப்பிக் குமிழி இல்லையென்றால் எனக்குப் பட்டம் இல்லை. படிப்பை மூட்டைகட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

புதன்கிழமை காலை இடம் பார்க்க ஓடையில் இறங்கினேன். அதற்கு முன்பே, விடியற்காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிட எல்லாரும் வரிசையாக நிற்கும் நேரத்தில், அம்மா சேதியைச் சொல்லி முடித்திருந்தார். பத்து மணிக்கு மண்டோர் கரையில் வந்து நின்றார். தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுப்பவர், மேற்பார்ப்பவர், மீசைக்குத் தவறாமல் மை போடுபவர். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம்.

“தம்பி, மேல ஏறி வா.”

முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, “என்னா மாமா?” என்றேன்.

“தேன் எடுக்கிறியாமே. தொரகிட்டச் சொல்லிட்டியா?”

“தேன் இல்ல மாமா. மீத்தேன்.”

“அதான். மீத்தேனோ கொம்புத்தேனோ, தோட்டத்துக்குள்ள இருந்தா தோட்டத்துச் சொத்துலா. நாளைக்குத் தொர என்னயத்தான கேப்பாரு.”

“இது வாயு மாமா. கேஸ்.”

“யாருக்குக் கேஸு?”

“ஓடைக்கு.”

இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மண்டோர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். “எங்க வீட்டுலயும் அதே கம்ப்ளேன்தான். ஓமத்தண்ணி ஊத்து, சரியாப் போவும். இப்ப ஏறி வா.”

பேச்சு எடுபடவில்லை. ஆகவே செய்து காட்டுவதென்று முடிவு செய்தேன். வாயகன்ற மிட்டாய் பாட்டில் ஒன்றில் ஓடைத் தண்ணீரை நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தேன். கழியால் சேற்றைக் குத்தினேன். குமிழிகள் கொத்துக்கொத்தாக எழுந்து பாட்டிலுக்குள் ஏறின, தண்ணீர் கீழே இறங்கியது. மூடி போட்டு வெளியே எடுத்தேன்.

“காலி பாட்டிலு” என்றார் மண்டோர்.

“நெருப்பு இருக்கா மாமா?”

சிகரெட் பற்றவைக்கும் தீப்பெட்டியை நீட்டினார். தள்ளி நில்லுங்கள் என்று நான் சொன்னேன். சொன்னேன் என்றுதான் இன்றைக்கும் சாதிக்கிறேன். அவர் குனிந்து பார்த்தபடியே இருக்க, மூடியைத் திறந்து குச்சியைக் காட்டினேன். ‘பொஃப்’ என்று ஒரு சத்தம். வெயிலில் நெருப்பே தெரியவில்லை. மீசையின் வலது நுனி சுருண்டதுதான் தெரிந்தது.

மண்டோர் மூக்கின் கீழே தடவிப் பார்த்தார். விரலை மோந்தார். கோபிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஓடையை மரியாதையாகப் பார்த்தார்.

“திரெங்கானு கடலுல தோண்டி எடுக்கிறாங்களே, அதே கேஸா?”

“அப்படியும் இருக்கலாம். இல்ல, வெறும் எல அழுகுனதாவும் இருக்கலாம். அதக் கண்டுபிடிக்கத்தான் மாமா பன்னெண்டு குப்பி.”

என் வாக்கியத்தின் முதல் பாதியோடு அவர் போய்விட்டார்.

வியாழக்கிழமை நான் ஜாசினுக்குப் பஸ் ஏறினேன். ஒரு பெரிய புனலும் கல்லுப்பும் வாங்க வேண்டும். குப்பியில் மிச்சமிருக்கும் தண்ணீரில் உப்பு நிறைய இருந்தால் நுண்ணுயிர்கள் அடங்கிக் கிடக்கும், வாயுவை வழியில் தின்று தீர்க்காது. பசாரில் சுற்றி, வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருந்து, நான்கு மணிக்குத் திரும்பி வந்தால் லயத்தில் ஒருவரும் இல்லை. எல்லாரும் ஓடையில் இருந்தார்கள்.

ஆளுக்கொரு கழி, ஆளுக்கொரு பாட்டில். குத்துவதும் பிடிப்பதும் கொளுத்துவதுமாக ஓடை நெடுக ‘பொஃப், பொஃப்’ என்று கேட்டது. மண்டோர் கரையில் நின்று எந்த இடத்தில் யார் குத்துவது என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா அடுப்பின் ரப்பர் குழாயைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

“தம்பி, நல்ல வேள வந்த. இத எங்க சொருவணும்?”

“அக்கா, இது அடுப்பெரிக்கிற அளவுக்கு வராது.”

“ஒரு முட்ட அவிக்கக்கூடவா வராது?”

எனக்கு அழுகை வந்தது. குமிழி குழாய்த் தண்ணீர் மாதிரி வந்துகொண்டே இருக்காது. சேற்றுக்குள் நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து கிடக்கும். ஒரு தரம் குத்திவிட்டால் தீர்ந்தது. நான் வெள்ளிக்கிழமைக்காகப் பார்த்து வைத்திருந்த அத்தனை இடத்தையும் லயமே சேர்ந்து காலி செய்திருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போய்க் குத்திப் பார்த்தேன். பத்து இடத்தில் குத்தினால் ஒரு குமிழி, அதுவும் பட்டாணி அளவு. சேற்றுக் கையோடு பெரட்டுக்குப் போய் மண்டோர் முன்னால் நின்றேன். மீசையின் இரண்டு பக்கத்தையும் சமமாகக் கத்தரித்து வந்திருந்தார், அதனால் வேறு ஆள்போல் இருந்தார்.

“எல்லாம் போச்சு மாமா.”

“திரும்ப எப்ப ஊறும்?”

“ஒரு வாரமாச்சும் ஆவும்.”

“உன் பிளேனு?”

“நாளைக்கு.”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “கேஸு எங்க ஓடிறப் போவுதுன்னு நெனச்சிட்டேன்லா.”

வரிசையில் நின்ற அம்மா, “மேல, பழைய பொகக்கூண்டுக்குப் பின்னால கெடக்குமே” என்றார்.

“என்னா கெடக்கும்?” என்றேன்.

“பொளபொளன்னு. ஓடையோரத்துப் பாக்குக் கீர பறிக்கக் கால வச்சா உள்ளருந்து பொளபொளன்னு வருமே, அது. அட்டைக்குப் பயந்துகிட்டு அங்க ஒருத்தரும் வர மாட்டாங்க.”

“ஏம்மா இத மொதல்லயே சொல்லல?”

“நீ தேனத்தான கேட்ட. பொளபொளன்னு வர்றத எங்க கேட்ட?”

மண்டோர் தொப்பியை மாட்டிக்கொண்டார். அம்மாவுக்கு அன்று கித்தா மரத்தில் பால்வெட்டு இல்லை, ஓடை வேலை என்று அறிவித்தார். பிறகு வரிசையைப் பார்த்து, “இன்னிக்கு எவனாச்சும் கழியோட அந்தப் பக்கம் வந்தான், காலு இருக்காது” என்றார். முந்தின நாள் கழி எடுத்துக் கொடுத்தவரே அவர்தான் என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட அந்தப் பழைய கூண்டுக்குப் பின்னால் ஓடை வளைந்து, கித்தா இலைகளைக் குவித்துக்கொண்டு தேங்கி நின்றது. காலை வைத்தேன். அம்மா சொன்ன அதே சத்தம். இத்தனை வருஷப் படிப்பில் அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

புனலைத் தண்ணீருக்குள் கவிழ்த்து, அதன் குழாய் நுனியில் தண்ணீர் நிரம்பிய குப்பியைக் கவிழ்த்து நான் பிடித்துக்கொள்ள, அம்மா கழியால் குத்தினார். முதல் குத்தே கிணறு வெட்டுகிற குத்து. சேறு கிளம்பி என் முகத்தில் அடித்தது.

“மெதுவாம்மா. தட்டுனா போதும்.”

“தட்டுனா வருமா?”

“வரும்.”

தட்டினார். வந்தது. குமிழிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஏறின. குப்பி முக்கால்வாசி நிறைந்ததும் ரப்பர் மூடியின் குழியில் கல்லுப்பை வைத்து, தண்ணீருக்குள்ளேயே அழுத்தி மூடி, தலைகீழாகவே பெட்டியில் வைத்தேன். அப்படி வைத்தால் மூடிக்கு மேல் தண்ணீர் நிற்கும், வாயு மூடி வழியாகத் தப்பிக்க முடியாது. அம்மா ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இதுக்கா பிளேனு டிக்கட்டு?” என்று மூன்றாவது குப்பியில் ஒரு தடவை, ஏழாவதில் ஒரு தடவை கேட்டார். எட்டாவதற்குப் பிறகு அவரே புனலை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். “அங்க குத்துனாச்சு, இந்தப் பக்கம் வா. வேர் இருக்கிற எடத்துல நெறைய இருக்கும்.” இருந்தது. மதியத்துக்குள் பன்னிரண்டும் நிறைந்தன. என் காலில் ஒன்பது அட்டை, அவர் காலில் ஒன்றுமில்லை. புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவில்லையாம்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, பாட்டிலு பூராத் தலகீழா இருக்கு” என்றார். தெரியும் என்றேன். மலாக்கா வரும்வரை அவர் நிம்மதியில்லாமல் வந்தார். மறுநாள் காலை பேராசிரியர் பெட்டியை வாங்கிக்கொண்டு முதலில் கேட்டது, கழுவியும் போகாமல் என் காதோரம் ஏன் இவ்வளவு சேறு என்றுதான். மலாயில் கேட்டார். அம்மாவின் குத்து என்று மலாயில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து முடிவு ஃபேக்ஸில் வந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். நான் சட்டை மாற்றுவதற்குள் அப்பா மேசையிலிருந்த தாளை எடுத்துவிட்டார். அவருக்கு எழுத்து வராது. எண் நன்றாக வரும். கித்தாப் பால் நிறுக்குமிடத்தில் யாரும் அவரை ஏமாற்ற முடியாது. நான் வெளியே வந்தபோது தாளைக் கையில் பிடித்தபடி சன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

“எல்லா நம்பருக்கும் முன்னால ஒரு கோடு போட்டிருக்கே. அது கழித்தல்தான?”

“ஆமாப்பா.”

“பன்னெண்டுலயுமா?”

“பதினொண்ணுல. ஒரு குப்பி வழியில கசிஞ்சிடுச்சு, அதுக்கு நம்பர் இல்ல.”

“அது ஒண்ணுதான் தப்பிச்சிருக்கு” என்றார். தாளை மடித்து மேசையில் வைத்தார். ஆணியில் மாட்டியிருந்த நல்ல சட்டையை எடுத்துப் போட ஆரம்பித்தார். எங்கே என்று கேட்டேன். என்னைப் பார்க்காமல் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஆபீசுக் கிராணிகிட்டத்தான். அங்க எழுதுற வேலைக்கு ஒரு ஆளு வேணும்னு போன வாரம் சொல்லிக்கிட்டிருந்தாரு. நீ வெசனப்படாத. இவ்வளவு தூரம் படிச்சதே பெருசு. அந்தக் கேஸு இல்லன்னா என்னா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அவர் பொத்தான்களை ஓட்டை மாற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, இந்த ஒரு தடவை பாடம் நடத்தாமல் சொன்னேன்: இந்தக் கணக்கில் கழித்தல் கெட்டதில்லை, உலகத்தில் எடுத்துவைத்திருக்கும் ஓர் அளவுகோலைவிட நம் ஓடை வாயு எவ்வளவு லேசு என்று மட்டும் அது சொல்கிறது. எண் பெரிதாகப் பெரிதாக இன்னும் லேசு. இவ்வளவு பெரிய கழித்தல் என்றால் அது நம் கித்தா இலையிலிருந்துதான் வந்தது, பூமிக்கு அடியிலிருந்து இல்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பதினொன்று போதும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார், நான் எழுத ஆரம்பிக்கலாம்.

“மைனஸு போட்டாத்தான் பாஸா?”

“இதுல அப்படித்தாம்பா.”

“அப்ப, தப்பிச்சதுன்னு சொன்னேனே, அது ஒண்ணுதான் பெயிலு.”

“ஆமா.”

அப்பா மேசையிலிருந்த தாளை ஒரு தடவை பார்த்தார். “அப்ப கிராணிகிட்ட ஒண்ணும் பேச வேணாம்?”

“வேணாம்பா.”

மேல் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை மறுபடி ஆணியில் மாட்டினார்.