பேனரின் அடியில் ஒரு வட்டம்

ஆரணிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஃபிளெக்ஸ் கடையில் என் கம்ப்யூட்டரைத் திறந்தால், திரையின் ஒரு மூலையில் சின்ன வட்டம் ஒன்று இருக்கும். வட்டத்துக்குள் ஒரு முகம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கட்டம் போட்ட சட்டையின் காலர், பல் தெரியாத சிரிப்பு. அந்த முகத்தை எத்தனை பேனர்களின் அடியில் வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மேலே ஒரு சினிமா நடிகர் வானத்தை அடைத்துக்கொண்டு நிற்பார். அவர் காலடியில் நாணயம் அளவுக்கு வரிசையாக வட்டங்கள். முதல் வட்டம் இவருடையது. அதற்குக் கீழே 'நகர ரசிகர் மன்றத் தலைவர்' என்று போடுவேன். கடையில் எங்கள் எல்லோருக்கும் அவர் மன்றத்து அண்ணன். பட்டு நெய்கிற குடும்பம். தறியில் உட்கார்ந்த நேரத்தைவிட என் மேசைக்கு அருகில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த நேரம்தான் அதிகம் என்று அவர் மனைவி சொல்வார். அண்ணி சொன்னதில் பொய்யில்லை.

அந்தப் படத்தை நான்தான் எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடை வாசலில் அவரை நிறுத்தி, என்னுடைய பழைய செல்போனில் எடுத்தது. அதற்குப் பிறகு அவர் தலை நரைத்தது, கன்னம் ஒட்டியது, மேல்வரிசையில் ஒரு பல் போனது. படத்தை மாற்றலாமே என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "தலைவரு மட்டும் நாப்பதுலியே நிப்பாராம், நான் மட்டும் கெழவனாவணுமா? போம்மா" என்று சொல்லிவிட்டார். அவர் தலைவர் என்று சொல்வது நடிகரை. அந்த நடிகரை நாற்பதில் நிறுத்தி வைத்திருந்ததில் எனக்கும் பங்கு உண்டு. கண்ணுக்குக் கீழே தொங்கும் சதையைத் தூக்கி, கழுத்துச் சுருக்கத்தைத் துடைத்து, இல்லாத முடியை நட்டு, பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அவரைப் பிழைக்க வைப்பேன். ஒருமுறை யாரோ ஒப்பனை இல்லாமல் அவரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க, வழுக்கைத் தலையோடு காரிலிருந்து இறங்குகிறார். மன்றத்து அண்ணன் அதைக் கொண்டுவந்து காட்டினார், சொந்த அண்ணனின் எக்ஸ்ரேயைக் காட்டுகிறவர் மாதிரி. "இத்த வெச்சி ஒண்ணு பண்ணும்மா. இப்பதான் எடுத்தாங்கோ, நல்லாக்கிறாருன்னு ஊருக்குத் தெரியணும்" என்றார். நானும் எல்லாவற்றையும் துடைத்தேன். பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "நெத்தில ரெண்டு கோடு உட்டு வை. இல்லன்னா நம்ப மாட்டானுங்க" என்றார்.

எங்கள் கடைக்குப் பாதிப் பிழைப்பு கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள். மீதிப் பிழைப்பு சாவு. கண்ணீர் அஞ்சலி பேனரில் ஒரு வரியைப் படித்தால் போதும், போனவர் எந்த வீட்டுக்காரர் என்று தெரிந்துவிடும். சிவலோக பதவி என்றால் ஒரு வீடு, வைகுண்ட பதவி என்றால் வேறு வீடு. எங்கள் ஆட்கள் கர்த்தருக்குள் நித்திரையடைவார்கள். சாமி இல்லை என்று சொல்கிறவர்கள் இயற்கை எய்துவார்கள். டீ வருகிற நேரத்தில் இதைப் பற்றித்தான் அரட்டை. எந்த நடிகர் எத்தனை மாத்திரை போடுகிறார், யாருக்கு விக், யார் கடைசிக் காலத்தில் சாமியார் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று முதலாளி ஆரம்பிப்பார். மன்றத்து அண்ணன் சாமி இல்லை என்கிற கட்சி. நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். "செத்தா மண்ணும்மா. அவ்ளோதான்" என்பார். நான் விடமாட்டேன். போன ஆடியில் நடிகருக்குக் காய்ச்சல் என்று கோயில் தரையில் மண்சோறு சாப்பிட்டவர் யார் என்று கேட்பேன். கொஞ்சமும் கூசாமல் பதில் வரும்: "எனக்கு சாமி இல்ல. தலைவருக்கு இருக்குது இல்ல? அவரு சார்பா போய்க் கேட்டேன்." இப்படி ஒரு பக்தியை நான் பைபிளிலும் பார்த்ததில்லை.

அந்த மழைக்காலத்தில் நடிகரைச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நினைவு திரும்பவில்லை என்றார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறது என்றார்கள். முதலாளிக்கு இந்த மாதிரி நேரத்தில் கை பரபரக்கும். பெரிய ஆள் யாராவது போனால், செய்தி வந்த கொஞ்ச நேரத்துக்குள் எல்லாத் தெருவிலிருந்தும் போன் வரும். யார் முதலில் அச்சடித்துக் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு வியாபாரம். அதனால் படுத்திருக்கும்போதே செய்து வைத்துக்கொள்வது எல்லாக் கடைகளிலும் வழக்கம். "ஜல்தியா ஒண்ணு ரெடி பண்ணி வை" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் கறுப்புப் பின்னணியில் நடிகரை வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, 'கண்ணீர் அஞ்சலி' என்று அடித்து முடித்தேன். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். அப்போதுதான் மன்றத்து அண்ணன் நனைந்துகொண்டே உள்ளே வந்தார். தலைவர் நலம் பெற வேண்டிச் சிறப்புப் பூஜை, அதற்கு ஒரு பேனர் வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டவர் திரையைப் பார்த்துவிட்டார்.

கத்துவார் என்றுதான் நினைத்தேன். பொல்லாத கோபக்காரர், படம் கொஞ்சம் வெளிறி அச்சானாலே ரகளை செய்கிறவர். அன்றைக்கு அவர் தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துத் திரையின் மேல் போட்டு மூடினார். பிறகு உட்கார்ந்தார். டீ வந்தது, வாங்கிக் குடித்தார். துண்டிலிருந்து சொட்டிய தண்ணீர் என் கீபோர்டில் விழுந்ததை நான் துடைக்கவில்லை.

"வருவாரும்மா. வந்துடுவாரு" என்றார். அப்புறம், "அவரு போறத நான் பாக்க மாட்டேன். அது மட்டும் நல்லாத் தெரியும். வேலூர் ஆஸ்பத்திரில காட்டினேன். வயித்துல கட்டியாம், முத்திப் போச்சாம். வூட்ல இன்னும் சொல்லல" என்றார். ஆறிய டீயைப் பற்றிப் பேசுகிற குரல்தான். சர்ச்சில் சொல்கிற ஆறுதல் வார்த்தை எல்லாம் வாய்வரை வந்து நின்றது. அவரே தொடர்ந்தார். "எனக்கும் ஒண்ணு பண்ணுவ இல்ல? அதுல தலைவர் படம் வேணாம்மா. அவரு மூஞ்சியப் பெரிசாப் போட்டு, மேல கண்ணீர் அஞ்சலின்னு போட்டா, பஸ்ல போறவன் இன்னா நெனப்பான்? தலைவரு பூட்டாருன்னு போன் போடுவான். ஒரே பேஜாராப் பூடும். பசங்க கேப்பானுங்க, நீ போடாத." எந்த வார்த்தை போடுவதண்ணா, சிவலோகமா இயற்கையா என்று கேட்டேன். அழுகையை மறைக்கத்தான் கேட்டேன். சிரித்துவிட்டார். "வூட்ல இருக்கறவங்க இஷ்டம். எனக்கு இன்னா தெரியப் போவுது? உங்களுது நல்லாருக்குதும்மா, நித்திரைன்றது. தட்டி எழுப்பலாம்ன்ற மாதிரி. படம் மட்டும் நான் சொன்னாப்பல."

உங்களுக்காக ஜெபம் பண்ணுகிறேன் என்றேன். "எனக்கு எதுக்கு? தலைவருக்குப் பண்ணு" என்றார். அந்த ஞாயிறு சர்ச்சில் முழங்காலில் நின்று இரண்டு பேருக்காகவும் கேட்டேன். அண்ணன் சொன்னாரே என்று நடிகரின் பெயரை முதலில் சொன்னேன். நடிகருக்கு நினைவு திரும்பியது. கொஞ்ச நாளில் வீட்டுக்கே போய்விட்டார்; கார் கண்ணாடியை இறக்கிக் கை அசைத்ததைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஆரணியில் வெடி வெடித்தது. 'மரணத்தை வென்ற மாமன்னரே' என்று மன்றத்து அண்ணன் வந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அப்போதே அவர் சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வெயில் காலத்தில் அவர் போய்விட்டார். எந்தப் பெயரை முதலில் சொன்னேன் என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. கர்த்தர் அப்படி வரிசை பார்க்கிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

மன்றத்துப் பையன்கள் வந்தார்கள். அவர் சொன்ன மாதிரியே நடந்தது. "தலைவர் படம் இல்லாம மன்றத் தலைவருக்கு அஞ்சலியா? இன்னாக்கா பேசற?" என்று எகிறினார்கள். முதலாளியோ பணம் கொடுக்கிறவர்கள் சொல்வதைச் செய் என்று கண்ணைக் காட்டினார். நான் மவுஸைக் கீழே வைத்துவிட்டு, அண்ணன் என்னிடம் சொன்னதை அவர் பேச்சிலேயே சொன்னேன். பஸ்ஸில் போகிறவன், போன், பேஜார், எல்லாவற்றையும். அவர்களில் ஒருவன், "அவருதான்க்கா. அவருதான் இப்டிச் சொல்லுவாரு" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு வேறு சிக்கல். பெரிசாகப் போட அவருக்கு ஒரு படம் இல்லை. பையன்கள் போன்களில் தேடினார்கள். எல்லாப் படத்திலும் நடிகரின் கட்அவுட் முழுசாக இருக்கிறது. அண்ணன் பால் குடத்துக்குப் பின்னாலோ, மாலைக்குப் பின்னாலோ, பாதிக் காதாகவோ இருக்கிறார். கடைசியில் அந்த வட்டத்தைத்தான் எடுத்தேன். ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினால் படம் உடைந்து கட்டம் கட்டமாகத் தெரிந்தது. என்னால் முடிந்தவரை சரிசெய்தேன். அண்ணி கேட்டபடி சிவலோக பதவி என்று போட்டேன். நெற்றியில் இரண்டு கோடு போடலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டேன்.

வேலூர் சாலைத் திருப்பத்தில் கட்டினார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கண்ணமங்கலம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "யாருப்பா இவரு? கட்சிக்காரரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரில் அத்தனை சந்திலும் அத்தனை வருஷமாகத் தொங்கிய முகம். ஒருவருக்கும் தெரியவில்லை. டீக்கடைக்காரர்தான் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அட, கீழ வட்டத்துல இருப்பாரே, அவரு" என்றார். அண்ணியும் அங்கே நின்றிருந்தார். கிளம்பும்போது, "இவரு மூஞ்சி இவ்ளோ பெரிசா இருந்து நானே பாத்ததில்லம்மா" என்றார்.

போன கிறிஸ்துமஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே தொலைக்காட்சியில் ஏதோ விழா. நடிகரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து சால்வை போர்த்தினார்கள். தலை நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. "இன்னும் நல்லாக்கிறாரு பாரு" என்றார் அண்ணி, அண்ணன் சொல்கிற மாதிரியே. அந்த முகத்தைத் துடைத்துக் கொடுக்கச் சொல்லி இனி என்னிடம் யாரும் வரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டே எழுந்து பின்பக்கம் போனேன். பின்கட்டில் தறிக் கொட்டகை. சாரல் அடிக்காமல் இருக்க அதன் பக்கவாட்டில் ஒரு ஃபிளெக்ஸைக் கட்டியிருந்தார்கள். அருகே போய்ப் பார்த்தேன். பழுப்பும் சாம்பலும் கறுப்புமாகக் கட்டங்கள், வேறொன்றும் இல்லை. அண்ணனின் அஞ்சலிப் பேனரில் நான் உடைத்த கட்டங்கள்தான் என்று புரிந்ததும் வெட்கமாக இருந்தது. படம் சரியாக வரவில்லை அண்ணி, வேறு நல்ல துணி தருகிறேன், இதை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"அங்க நின்னா அப்டித்தான் தெரியும்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். முற்றத்தைத் தாண்டி, சமையல்கட்டு வாசலில், அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "இங்க நின்னு பாரு. நான் இங்கதான நிப்பேன்." திரும்பிப் பார்த்தேன். கட்டங்கள் ஒன்றும் தெரியவில்லை. படிய வாரிய தலையோடு, பல் தெரியாமல் சிரித்துக்கொண்டு அண்ணன் இருந்தார். அவ்வளவு தூரத்தில் அவர் பழையபடி அந்த வட்டத்தின் அளவுக்குத்தான் இருந்தார். அவருக்கு மேலே யாரும் இல்லை.