தேயிலைப் பங்கை விற்க மனம் வராதவன்

ஏறுகிற பங்கை வாங்கு, இறங்குகிற பங்கை விற்றுத் தொலை என்று ஊருக்குச் சொல்லிப் பிழைக்கிற தொழில் என்னுடையது. சொல்கிறவனுக்கே அது கசக்கும் என்பதை வெளியே சொல்வதில்லை.

குன்னூர் பஸ் ஸ்டாண்டு அருகே, வர்க்கி பிஸ்கட் கடை மாடியில் என் பங்குத் தரகு அலுவலகம். நானும் ஜமுனாவும்தான் ஆட்கள். பங்கு பொறுக்க வழிகள் பல உண்டு. மலிவானதை வாங்கலாம், கடனில்லாத கம்பெனியாகப் பார்க்கலாம், அதிகம் ஆடாததைத் தேடலாம். நான் பார்ப்பது மொமென்டம், அதாவது வேகம். மாதம் ஒன்றாம் தேதி கணினி ஒரு பட்டியல் போடும். சில மாதங்களாக நன்றாக ஏறிவரும் பத்துப் பங்குகள் அதில் இருக்கும். பட்டியலை விட்டு விழுந்ததை அன்றே விற்க வேண்டும், யோசிக்கவே கூடாது. "வாங்கின விலை வரட்டும், வித்துரலாம்" என்று செத்த பங்கைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் சகபாவிகளே, நான் பட்டதையும் கேளுங்கள்.

கேரட் பாடம்

எமரால்டு கிராமத்தில் கேரட் போடும் ரங்கசாமி அண்ணன் பணத்தோடு வந்தார். அரை மணி நேரம் விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில் பணப்பையை எடுத்து மறுபடி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, போன போகம் கேரட்டுக்கு வெல ஏறுச்சுன்னு ஊரே கேரட்டு போட்டோமுங்க. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாம அப்படியே உழுது விட்டோம். அதையே இங்க வந்து காசு குடுத்து இன்னொருக்கா பண்ணோணுமுங்களா?"

சுவரும் கூரையும்

புஷ்பம் அக்கா எஸ்டேட்டில் நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். இலங்கைத் தோட்டத்திலிருந்து சிறுமியாக வந்தவர். ஓய்வு பெற்றதால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிக்கட்டிப் பக்கம் துண்டு நிலம் வாங்கியிருந்தார். வீடு கட்ட வேண்டும். சீக்கிரம் தேவைப்படுகிற பணத்தைப் பங்கில் போடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன். அவர் முன்பே முடிவு செய்துவிட்டு வந்திருந்தார்: "செவுத்துக் காசு பேங்குல கெடக்கட்டும். கூரைக் காச மட்டும் நீங்க பாருங்க. ஏறுனா காங்கிரீட்டு, எறங்குனா தகரம்."

நஷ்டத்திலும் விற்கச் சொல்வேன், சம்மதமா என்று கேட்டேன். இதற்கு மட்டும் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். அவர் சிரித்தார்.

"கவாத்து வெட்டுறப்ப செடியப் பாத்து அழுதா தேயில மல தழைக்குமா? வெட்டுற நாள்ல வெட்டிருங்க தம்பி."

தேயிலை

அவருடைய பத்துப் பங்குகளில் ஒன்று தேயிலைக் கம்பெனி. ஏறிக்கொண்டிருந்தபோது பட்டியலில் வந்தது. மூன்றாவது மாதம் வெளியே விழுந்தது. ஒன்பது பங்குகளுக்கு விதிப்படி நடந்தேன். பத்தாவதில் கை நின்றுவிட்டது. சாரல் பெய்கிறது, இலைக்கு விலை கூடும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலை. நீலகிரியில் பிறந்துவிட்டு இதை விற்பதா? "இத மட்டும் அடுத்த மாசம் பாக்கலாங்க்கா" என்று போனில் சொன்னேன். நீங்க சொன்னா சரி தம்பி என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த மாதமும்.

பங்கு பாதி விலைக்கு வந்தது. ஜமுனா கணினியை என் பக்கம் திருப்பினாள்.

"அந்த லிஸ்ட்டுல பாவம் பாக்கறதுக்குன்னு ஒரு கட்டம் இல்லீங்க சார்."

தகரம்

விற்றோம். மற்ற ஒன்பதில் வந்த லாபத்தை இந்த ஒன்று தின்றுவிட்டிருந்தது. விதிப்படி பட்டியலை விட்டு விழுந்த அன்றே விற்றிருந்தால் காங்கிரீட் போட்டிருக்கலாம். அதைப் புஷ்பம் அக்காவை எதிரே உட்கார வைத்து, மறைக்காமல் சொன்னேன். தப்பு சந்தையுடையது அல்ல, என்னுடையது.

அவர் குடையை எடுத்துக்கொண்டார். "தகரத்துக்குக் கீழதான் இத்தன வருசமும் தூங்குனேன். மழச் சத்தம் பழக்கந்தான்" என்று சொல்லி எழுந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மாடிப்படியில் நின்று திரும்பினார்.

"நாப்பது வருசம் கொழுந்து எடுத்த நானே தேயிலைய நம்பாமத்தான் உங்ககிட்ட வந்தேன். நீங்க ஏன் தம்பி அத நம்புனீங்க?"

இப்போதெல்லாம் ஒன்றாம் தேதி வந்தால் விற்கும் பொத்தானை ஜமுனா அழுத்துகிறாள், அந்த ஐந்து நிமிடமும் நான் கீழே போய் ஜன்னலில்லாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்து வர்க்கி தின்கிறேன்.