வைகாசி ஒன்பதின் பின்பக்கம்

சிவகாசியில் தினசரி காலண்டர் அடிக்கும் எங்கள் அச்சகத்தில், தேதித் தாளின் பின்பக்கத்துக்குக் கேள்வி பதில் எழுதுகிறவர் ஜெயசுந்தர். இருபத்திரண்டு வருஷமாக நாளுக்கு ஒரு கேள்வி. சோப்பு வருமுன் துணியை எதைப் போட்டு வெளுத்தார்கள்? உவர்மண். முதல் தேர்தலில் எழுத்தறியாதவர்கள் எப்படி ஓட்டுப் போட்டார்கள்? வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியில் அவர் சின்னம். ஊரே கிழித்துப் படிக்கும். எழுதியது யாரென்று ஒரு பயலுக்கும் தெரியாது. மிஷின் ஓட்டுகிற எனக்கே அதில் கோபம் உண்டு. அந்த மனுஷனுக்குக் கிடையாது.

போன வருஷம் வைகாசி ஒன்பதாம் தேதி, அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்தது. எங்கள் பைண்டிங்கில் வேலை பார்க்கும் தங்கத்தாயின் மகள் கற்பகவல்லி போய்விட்டாள். இருபத்து மூன்று வயது. படுபாவி விதி! ஜெயசுந்தரும் நானும் அடக்கத்துக்குப் போய் வந்தோம். மறுநாளே அவர் அடுத்த வருஷக் காலண்டருக்குப் புரூஃப் பார்க்க உட்கார்ந்தார். எங்கள் பிழைப்பு அப்படி, எந்நேரமும் பிறக்காத வருஷத்தில்தான் இருப்போம். கிழமை சரியா, நட்சத்திரம் சரியா என்றுதான் கண் போகும். வைகாசி ஒன்பதின் பின்னால், "விஜயநகரத்தில் வாணவேடிக்கை உண்டா? உண்டு. பாரசீகத் தூதரே கண்டு வியந்தார்" என்று அவரே எப்போதோ எழுதியது இருந்தது. பிழையில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆவணியில் அந்தத் தாள் தங்கத்தாய் கைக்கே வந்தது. ரெண்டு லட்சம் தாள் ஓடி முடிந்திருந்தது. ஜெயசுந்தர் அவள் முன்னால் போய் நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேன் தாயி."

"ராஜா என்ன தின்னாரு, என்ன உடுத்துனாருன்னு எல்லாம் எழுதுறீக அண்ணாச்சி," என்றாள் அவள். "அன்னைக்கு நான் ஏசுனதுல எம்மக வெறும் வயித்தோட கெளம்பிப் போனா. கம்பெனி வாசல் மரத்துல மாட்டுன சோத்துத் தூக்குவாளி தொறக்காமலே திரும்பி வந்துச்சு. அவ சாப்பிட்டாளா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

ஞாயிறுதோறும் கோயிலில் ஆராதனை முடிந்ததும் ஜெயசுந்தர் பஸ் ஏறினார். அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் வீடு வீடாகப் போனார். கம்பெனிக்கும் போலீசுக்கும் பயந்து யாரும் வாய் திறக்கவில்லை. ஏழாவது ஞாயிறு, கை வெந்து தப்பிய பாண்டிலட்சுமி சொன்னாள்.

"பத்து மணிக்கு எம் டப்பாவுல ரெண்டு இட்லி எடுத்துத் தின்னா. அம்மா சோறு மத்தியானத்துக்கு இருக்கட்டும்னா."

அதை அவர் வந்து சொன்னதும் தங்கத்தாய், "தின்னாளா? நெசமாத் தின்னாளா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு வாய்விட்டு அழுதாள். மகள் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

இந்த வருஷம், அடுத்த காலண்டரின் புரூஃபை முதலாளி இராமகிருஷ்ணனே எடுத்துப் படித்தார். வைகாசி ஒன்பதில் நின்றார்.

"யாருய்யா இந்தக் கற்பகவல்லி? எந்த நாட்டு ராணி?"

"நம்ம தங்கத்தாயி மக, மொதலாளி," என்றார் ஜெயசுந்தர்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். கையெழுத்துப் போட்டார். நேற்று அந்தத் தாளை நான்தான் மிஷினில் ஓட்டினேன்.

"வைகாசி ஒன்பதன்று கற்பகவல்லி சாப்பிட்டாளா? சாப்பிட்டாள். இரண்டு இட்லி."